சங்கீதம் 145இல் காணாமல் போன எழுத்து: யூத நூல்களைப் போன் வைத்துக் கற்பிக்கும் வழி

யூத நூல்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்பதுதான். போனைத் திறந்தால் ஆயிரக்கணக்கான நூல்கள் வந்து நிற்கும். அன்றைக்கு எதைத் திறக்கப் போவதில்லை என்பதை வகுப்புக்கு முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். கேள்வியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் தங்கள் பதிலைச் சொல்லும் வரை உரையாசிரியர் யாரையும் திறக்கக் கூடாது. நான் விடாமல் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது.

ரங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு மதியம் வாலிபப் பிள்ளைகளுக்குப் பழைய ஏற்பாடு எடுக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். பள்ளிக்கூடமெல்லாம் பர்மிய மொழியில். எபிரெயம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. எனக்கு எழுத்துகளும் கொஞ்சம் சொற்களும் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் இந்த நூல்களை ஆதியிலிருந்து காத்து வைத்திருப்பவர்கள், இன்றும் தினந்தோறும் ஓதுகிறவர்கள், இவற்றை எப்படிப் படிக்கிறார்கள் என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 26ஆம் தெருவில் முஸ்மேயா யெஷுவா ஜெப ஆலயம் இருக்கிறது. 1890களில் பாக்தாத் வழி வந்த யூதர்கள் கட்டியது. தெயின்ஜி சந்தைக்குப் போகிற பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது, நம்முடைய தாத்தா பாட்டிகள் கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பிய அதே நாட்களில், அந்த யூதர்களிலும் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனார்கள். கட்டடத்தை அறிந்த பிள்ளைகளுக்கு அதற்குள் ஓதப்பட்டதும் தெரியட்டும்.

சரி, கருவிக்கு வருவோம். முக்கியமானது செபாரியா. 2011இல் தொடங்கப்பட்ட இலவச நூலகம். எபிரெய வேதம், மிஷ்னா (பழைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பு), தல்மூத் (அதன்மேல் ரபிகள் என்னும் யூத குருமார் நடத்திய விவாதம்), மித்ராஷ் (வேத விளக்கத் தொகுப்புகள்), உரைகள் எல்லாம் மூல மொழியில் இருக்கின்றன. பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்திலேயே வரும். ஒரு வசனத்தைத் தொட்டால் அதோடு தொடர்புள்ள உரைகளும் தல்மூத் பகுதிகளும் பக்கவாட்டில் திறக்கும். நமக்கு இதுதான் பெரிய உதவி. பரிமேலழகர் உரையை வைத்துக் குறள் படித்த தமிழ் வாத்தியாருக்கு இந்த முறையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்கே மின்சாரம் எப்போது வரும், இணையம் எப்போது இழுக்கும் என்று நம்பி வகுப்பு நடத்த முடியாது. அதனால் செபாரியா செயலியின் அமைப்புகளுக்குள் போய், இணையம் இல்லாமல் படிக்கும் வசதியை இயக்கி, வேண்டிய பகுதியை இறக்கிக்கொள்ளுங்கள். முழு நூலகம் இடத்தை அடைத்துவிடும். வேதமும் தல்மூத்தும் முதலில் போதும். கரண்ட் இருக்கும் நேரத்தில் இதை முடித்துவிட்டு, பவர் பேங்கையும் ஏற்றி வையுங்கள். இணையத்தில் மட்டும் கிடைக்கும் படங்களை முன்பே சேமித்து, பிள்ளைகளின் போன்களுக்கு சாப்யா என்ற கோப்புப் பகிர்வுச் செயலி வழியாக அனுப்பிவிடலாம், டேட்டா செலவாகாது. எல்லோரிடமும் நல்ல போன் இருக்காது என்பதால், மூன்று பேருக்கு ஒரு போன் என்று உட்கார வைக்கிறேன். அதுதான் நல்லதும்கூட, ஒரே திரையைப் பார்த்தால் பேசித்தான் ஆக வேண்டும். யூதப் பாடசாலைகளிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சத்தம் போட்டு வாதாடித்தான் படிக்கிறார்கள்.

இனி பாடம். முதல் வகுப்புக்குச் சங்கீதம் 145ஐ எடுங்கள், எபிரெயம் தெரியாத பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை. யூதர்கள் இதைத் தினசரி ஜெபத்தில் மூன்று முறை ஓதுகிறார்கள். முதலில் தமிழ் வேதாகமத்தில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பர்மிய மொழி எளிதாக வருகிறவர்கள் ஜட்சன் மொழிபெயர்ப்பைப் பார்க்கட்டும். அப்புறம் செபாரியாவில் எபிரெயப் பக்கத்தைத் திறந்து, 22 எபிரெய எழுத்துகள் கொண்ட ஒரு அட்டையைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு வசனமும் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று வலமிருந்து இடமாகப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் வசனத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தில் இருப்பது தலைப்பு. அதைத் தாண்டி வரும் சொல்தான் ஆலெப் என்ற முதல் எழுத்தில் தொடங்கும்.

கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார், இது அகரவரிசைப் பாட்டு. இந்த இடத்தில் ஆத்திசூடியைச் சொல்ல வைக்கிறேன். அ, ஆ, இ என்று போகும்போது ஒரு வரியை விட்டுவிட்டுச் சொன்னால் பாட்டியிடம் கற்ற பிள்ளை உடனே நிறுத்தும். அப்படியே இங்கேயும் எண்ணச் சொல்லுங்கள். எழுத்துகள் 22, வசனங்கள் 21. மேமுக்கும் சாமெக்குக்கும் நடுவில் வர வேண்டிய நூன் என்ற எழுத்து இல்லை. 13ஆம் வசனம் மேம், 14ஆம் வசனம் சாமெக்.

இங்கே போன்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். ஏன் இல்லை? எழுதியவர் மறந்தாரா, பிரதி எடுத்தவர் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? ஒவ்வொரு குழுவும் ஒரு பதிலாவது சொல்லட்டும். அவசரப்படாதீர்கள், இந்தப் பத்து நிமிடம் வகுப்பின் உயிர்.

இப்போது 14ஆம் வசனத்தைத் தொட்டு, தொடர்புகளில் தல்மூத்துக்குப் போய், அதன் முதல் பகுதியான பெராகோத்தில் 4ஆ பக்கத்தைத் திறக்கலாம். தல்மூத்தில் ஒரு தாளின் முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ என்று எண்ணுவார்கள். அங்கே இதே கேள்வியை நம் பிள்ளைகளுக்கு முன்பே ரபி யோகனான் கேட்டிருக்கிறார். அவர் பதில்: நூனில் தொடங்கும் வசனம் ஒன்று இஸ்ரவேலின் வீழ்ச்சியைச் சொல்கிறது, ஆமோஸ் 5:2. இஸ்ரவேல் என்னும் கன்னி விழுந்தாள், இனி எழுந்திருக்கமாட்டாள் என்பது அதன் பொருள். அதனால் அந்த எழுத்தையே தாவீது விட்டார் என்கிறார். உடனே இன்னொரு குரல் வருகிறது. இஸ்ரவேல் தேசத்தில் இருந்தவர்கள் அதே வசனத்தை வேறிடத்தில் நிறுத்திப் படிப்பார்களாம்: விழுந்தாள், இனி விழமாட்டாள்; எழுந்திரு, இஸ்ரவேல் கன்னியே. அடுத்து ரப் நக்மான் பார் யிட்சாக்: அப்படியிருந்தும் தாவீது அடுத்த வசனத்திலேயே அவர்களைத் தாங்கிப் பிடித்தார், விழுகிற யாவரையும் கர்த்தர் தாங்குகிறார் என்று. விடுபட்ட எழுத்துக்கு அடுத்த வரி அதுதான். பிள்ளைகள் இதைத் தாங்களே போய்ப் பார்த்துச் சரி என்று தலையாட்டும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

செபாரியாவின் ஆங்கிலத் தல்மூத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடித்த எழுத்தில் இருப்பது தல்மூத்தின் வாசகம். சாதாரண எழுத்தில் இருப்பது நமக்குப் புரிவதற்காக மொழிபெயர்ப்பில் சேர்த்த விளக்கம். தடித்ததை ஒருவர், மற்றதை இன்னொருவர் என்று இரண்டு பேரைப் படிக்க வைத்தால் மூலம் எவ்வளவு சுருக்கம் என்று காதிலேயே விழும். நான் பிறகு தமிழில் திருப்பிச் சொல்கிறேன்.

பாடம் இன்னும் முடியவில்லை. 1956இல் சவக்கடல் பக்கத்தில், கும்ரானின் 11ஆம் குகையில் ஒரு சங்கீதச் சுருள் கிடைத்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டு பழையது. அதில் நூன் வசனம் இருக்கிறது! தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர், தம் செயல்களிலெல்லாம் கிருபையுள்ளவர் என்ற பொருளில். சில புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் 13ஆம் வசனத்தின் முடிவில் கூடுதலாக வரும் வரிகள் இவைதான். லியோன் லெவி சவக்கடல் சுருள் இணைய நூலகத்தில் இந்தச் சுருளின் படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். தேடும்போது 11க்யூ5 என்ற எண்ணை ஆங்கிலத்தில் கொடுங்கள். கடவுளின் பெயரை மட்டும் வேறு வடிவப் பழைய எழுத்தில் எழுதியிருப்பார்கள். எபிரெயம் தெரியாத கண்ணுக்கும் அது தனியாகத் தெரியும்.

அப்படியானால் ரபி யோகனான் சொன்னது தப்பா, டீச்சர் என்று கேட்பார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த வரி விடுபட்டது என்பவர்களும் உண்டு, குறையை நிரப்பப் பின்னால் சேர்த்தது என்பவர்களும் உண்டு. இல்லாத ஒரு எழுத்தை ஒரு சமூகம் எப்படி வாசித்தது என்பதை தல்மூத் காட்டுகிறது. சுருள் பேசுவது பிரதிகளின் வரலாற்றை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. எங்கள் சபையில் சிலருக்கு உடனே புதிய ஏற்பாட்டுக்குப் போய்விட வேண்டும் போலிருக்கும். அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யூதர்கள் தங்கள் நூலைப் பற்றிச் சொல்வதை முழுதாகக் கேட்பது மரியாதை.

வசன எண்களில் பலர் தடுமாறுவார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் சங்கீதத்தின் தலைப்புக்கு எண் கிடையாது. எபிரெய வேதத்தில் பல சங்கீதங்களில் தலைப்பே முதல் வசனம். 51ஆம் சங்கீதத்தில் தலைப்பு இரண்டு வசனம் எடுப்பதால், நம்முடைய 51:1 அங்கே 51:3. மல்கியா 4ஆம் அதிகாரம் அங்கே இல்லவே இல்லை, மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களாக இருக்கும். வகுப்புக்கு முன் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடத்துக்கு ஆதியாகமம் 22. ஈசாக்கைப் பலியிடச் சொல்லும்போது கடவுள் ஆபிரகாமிடம் உன் மகன், உன் ஒரே மகன், நீ நேசிக்கிறவன், ஈசாக்கு என்று ஏன் இத்தனை முறை சுற்றி வர வேண்டும் என்பது கேள்வி. 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி அதை இருவரும் மாறி மாறிப் பேசும் உரையாடலாகப் பிரிக்கிறார். உன் மகன் என்றதும் ஆபிரகாம் சொல்கிறார்: எனக்கு இரண்டு மகன்கள். உன் ஒரே மகன். இருவரும் அவரவர் தாய்க்கு ஒரே மகன்தானே. நீ நேசிக்கிறவன். இருவரையும் நேசிக்கிறேன். ஈசாக்கு. முதல் வசனத்துக்கு ராஷியையும் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ராஷ்பாமையும் அடுத்தடுத்துத் திறந்து காட்டுங்கள். அந்த வசனம் தொடங்கும் இந்தக் காரியங்களுக்குப் பின்பு என்றால் எந்தக் காரியங்கள்? சாத்தானின் பேச்சு, அல்லது இஸ்மவேலின் பெருமைப் பேச்சு என்று ராஷி. அபிமெலேக்குடன் செய்த உடன்படிக்கை என்று ராஷ்பாம். தாத்தாவைப் பேரன் மறுத்து எழுதுவது நம் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி ராஷியையோ அரமேய மொழித் தல்மூத்தையோ தமிழாக்காதீர்கள். சுருக்கக் குறிகள் நிறைந்த நடை அது, பொருள் தலைகீழாகிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலி தல்மூத்தில் இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்தை செபாரியாவில் திறந்து கண்ணால் பார்த்த பிறகே வகுப்பில் சொல்லுங்கள். இல்லாத மேற்கோளை அது கூசாமல் உருவாக்கும்.

உச்சரிப்புக்கு மெகோன் மாம்ரே தளத்தில் எபிரெய வேதத்தின் ஒலிப்பதிவு அதிகாரம் அதிகாரமாகக் கிடைக்கிறது. 145ஐ இறக்கி வைத்து வகுப்பின் கடைசியில் கேட்க வைக்கிறேன். கடவுளின் நான்கு எழுத்துத் திருப்பெயர் வரும் இடங்களில் யூதர்கள் அதை உச்சரிக்காமல் அதோனாய் என்கிறார்கள்; நாமும் அப்படியே செய்யலாம்.

செபாரியாவில் பாடத்தாள் தயாரிக்கும் வசதியும் உண்டு. வசனம், தல்மூத் பகுதி, நம் கேள்வி மூன்றையும் ஒரே தாளில் அடுக்கி, தமிழையும் நாமே தட்டச்சு செய்து சேர்க்கலாம். பன்சோடான் பக்கம் ஜெராக்ஸ் எடுத்தால் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. ரபி யோகனானின் பதில் மறுபக்கத்தில் இருக்கும்படி அச்சிடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி கேட்கும் முன்பே படித்துவிடுவார்கள். திருப்பெயர் அச்சான தாளை யூதர்கள் குப்பையில் போடுவதில்லை, எடுத்து வைத்துப் புதைப்பார்கள். அதனால் மீந்த தாள்கள் பொட்டலம் மடிக்கும் கடைக்குப் போகாதபடி, வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கி ஒரு உறையில் போட்டு வைக்கிறோம்.