மியாட்டாவுக்கு லாங் டிராவல் சஸ்பென்ஷன்: ஷாக் ஆர்டர் பண்ணும் முன் இதைப் படிங்க

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, சக்கரம் மேலும் கீழும் அதிக தூரம் போகும்படி சஸ்பென்ஷனை மாற்றும் இந்த லாங் டிராவல் வேலைக்குத் தோதான கார். எடை ஒரு டன்னை ஒட்டித்தான், நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தைக் காரோடு பிடிக்கும் ஆர்ம்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்போர்ட்ஸ் காரை மேடுபள்ளத்தில் விடுவதும் புதுசு இல்லை: 1978-இல் போர்ஷே தன் 911 எஸ்சி கார்களைத் தரையிலிருந்து சுமார் 28 சென்டிமீட்டர் உயர்த்திக் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலிக்கு அனுப்பி, இரண்டாம் இடமும் வாங்கியது.

லிஃப்ட் வேறு, டிராவல் வேறு. ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்தால் கார் உயரும், ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. கலிபோர்னியாவில் ஜான்சன் வேலி பக்கம் வரிசையாக வரும் மணல் மேடுகளில் வேகமாகப் போகவேண்டுமானால் அந்தத் தூரம்தான் முக்கியம். அதற்கு ஆர்ம் நீளவேண்டும். 300 மி.மீ. ஆர்ம் மேலே 20 டிகிரி, கீழே 20 டிகிரி ஆடினால் சுமார் 205 மி.மீ. கிடைக்கும், அதே கோணத்தில் 400 மி.மீ. ஆர்ம் 274 கொடுக்கும். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), பின்னால் ஆக்சில் எல்லாம் ஒரே அளவுக்கு நீளவேண்டும், ஒன்றை விட்டுவிட்டு ஒன்று கூடாது.

காரை ஸ்டாண்டில் ஏற்றிப் பழையதைக் கழற்றுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். புது ஆர்ம்களை டேக் வெல்டு (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் அடித்து மாட்டுங்கள், முழு வெல்டிங் கடைசியில். குழாய்க்கு 4130 குரோமோலி எஃகு, டிக் வெல்டிங். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஆர்ம் ஆடும் பிவட்டுக்கு எல்லாரும் ஹெய்ம் ஜாயின்ட் (உலோகக் குண்டு மூட்டு) போடச் சொல்வார்கள், எனக்கு ஒப்பாது, புழுதி உள்ளே போய் சீக்கிரமே கடகடவென்று ஆட ஆரம்பித்துவிடும். பாலியுரேத்தேன் புஷ் போட்டு கிரீஸ் நிப்பிள் வைத்துவிட்டால் நிம்மதி.

இனிமேல்தான் முக்கியமான இடம், இங்கே அவசரப்பட்டால் பணம் போச்சு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் இல்லாமல், ஹப்புக்கு அடியில் ஜாக் வைத்துச் சக்கரத்தைக் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை 25 மி.மீ. 25 மி.மீ. ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மூன்று விஷயம் பாருங்கள். பால் ஜாயின்ட் தன் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறதா. ஹப்பில் ஒரு தட்டை போல்ட் போட்டு, அதன் முன்னும் பின்னும் டயல் கேஜ் வைத்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம், மாறுகிறதா (இதுதான் பம்ப் ஸ்டீர், மியாட்டாவில் ஸ்டீயரிங் ராக் ஆர்ம்களைத் தாங்கும் சப்ஃப்ரேமில் உட்கார்ந்திருப்பதால் சப்ஃப்ரேமை இறக்கினால் ராக்கும் கூடவே இறங்கும், அந்த வகையில் தப்பித்தோம்). மூன்றாவது, பின் ஆக்சில். அதைக் கையால் சுற்றிக்கொண்டே சக்கரத்தை இறக்குங்கள். ஒரு கட்டத்தில் வழுவழுவென்று சுற்றிய ஆக்சில் கட்டை கட்டையாகத் தட்டும், சிவி ஜாயின்ட் (ஆக்சில் மடங்கியபடி சுற்ற உதவும் மூட்டு) தன் கோணத்தின் கடைசிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சற்று மேலே சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் காரின் டிராவல், கேட்லாக்கில் போட்டிருப்பது இல்லை. போதவில்லை என்றால் மணல் பக்கிகளில் போடும் 930 சிவி ஜாயின்டுக்குப் போகலாம். அதுவும் போர்ஷே டர்போவிலிருந்து வந்ததுதான்.

இப்போது ஷாக். ஆர்மின் மொத்த நீளத்தில் ஷாக் எங்கே பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்து மோஷன் ரேஷியோ, அதாவது சக்கரம் நகரும் தூரத்தில் ஷாக் நகரும் பங்கு. 0.65 என்றால் 270 மி.மீ. சக்கர டிராவலுக்கு 176 மி.மீ. ஸ்ட்ரோக் வேண்டும், ஆகவே 8 இன்ச் ஷாக். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது இதே ரேஷியோவை இரண்டு முறை பெருக்கவேண்டும்: மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 21-ஆகத்தான் தெரியும். இதனால்தான் புதிதாகக் கட்டும் கார்கள் பாதி, புட்டம் தரையில் உட்கார்ந்தபடி வெளியே வருகின்றன. கார் நிற்கும் உயரத்தில் மொத்த டிராவலில் 60 சதவீதம் மேலே, 40 கீழே இருக்கும்படி வையுங்கள். ஷாக் முழுசாக மடங்கும் முன் பம்ப் ஸ்டாப் (தடுப்புக் கட்டை) பிடிக்கவேண்டும், முழுசாக நீளும் முன் லிமிட் ஸ்ட்ராப் (தடுப்புப் பட்டை) பிடிக்கவேண்டும். மேல் மவுன்ட்டைப் பழைய தகட்டோடு விட்டுவிடாமல் ரோல் கேஜோடு (காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டு) குழாய் போட்டு இணையுங்கள், அந்தத் தகடு இந்த அடியைத் தாங்கச் செய்தது இல்லை.

பின்சேர்க்கை: பிரேக் ஹோஸைச் சொல்லவே இல்லையே என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆமாம், நீளமானது வேண்டும், சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்து அளவெடுங்கள். இன்னொருவர், ஸ்ட்ராப் போட்டும் சிவி பூட் (சிவி ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிகிறது என்கிறார். நைலான் ஸ்ட்ராப் இழுபட இழுபட நீளும். அதனால் சாக்பீஸ் கோட்டைவிட ஒரு விரல் அகலம் குறைத்துக் கட்டுங்கள், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.