புவியியல் படிக்கப் போகும் தோட்டப்புறப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பிள்ளை எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி "டீச்சராகவா?" என்பதுதான். ஆசிரியர் வேலை நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நம்பி, மற்ற கதவுகளைத் தட்டிப் பார்க்காமலே பட்டப்படிப்பை முடிப்பது பெரிய தவறு.

நம் கண்ணெதிரே இருக்கும் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த பொருள் அங்கே நுழையக் கூடாது என்பது அதன் சாரம். செம்பனை, ரப்பர் இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொருள் எந்த நிலத்தில் விளைந்தது என்று இருப்பிடத்தோடு காட்ட வேண்டும். 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமென்றால் ஒரு புள்ளி வைத்தால் போதாது, எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தோட்ட நிறுவனங்களுக்கும் ஆலைகளுக்கும் சான்றிதழ் தணிக்கை செய்பவர்களுக்கும் வரைபடம் தெரிந்த ஆள் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து, கணினியில் வரைபடம் செய்யும் ஜி.ஐ.எஸ். முறையையும் கற்ற பிள்ளையைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யார்?

அடுத்தது, படிப்பின் பெயரைச் சரியாகப் பார்க்காமல் விண்ணப்பிப்பது. மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் இருக்கிறது. ஸ்கூடாயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருப்பது நில அளவையும், நிலத் தகவலைக் கணினியில் கையாளும் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸும். எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளராக வேண்டுமானால், 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட நில அளவைப் பட்டமும் அதற்கு மேல் தொழிற்பயிற்சியும் தேவை. புவியியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தில் எல்லைக்கல் நட முடியாது. மூன்றாம் ஆண்டில் இது தெரியவந்து மனம் உடைவதைவிட, பல்கலைக்கழக நுழைவுக்கான யு.பி.யு. பாரத்தை நிரப்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, உள்ளே நுழைந்தாயிற்று. இனி ஆய்வு. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். இறுதியாண்டு ஆய்வுக்கு "மலேசியாவில் நிலப் பயன்பாட்டு மாற்றம்" என்று தலைப்பு வைப்பார்கள். அதைச் செய்ய ஒரு துறையே வேண்டும். மாவட்டத்தின் உட்பிரிவான ஒரு முக்கிமை எடுங்கள், ஓர் ஆற்றங்கரையை எடுங்கள், ஒரே ஒரு தோட்டத்தை எடுங்கள். சுங்கை சிப்புட்டிலேயே கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்ற துண்டாடல் நம் தாத்தா பாட்டிகளை நடுத்தெருவில் நிறுத்தியது. அதை எதிர்கொள்ளத்தான் இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றைய நில வரைபடத்தில் இருந்த தோட்ட எல்லையும் இன்றைய துணைக்கோள் படத்தில் தெரியும் நிலமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறின, அங்கிருந்த லயங்களும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எங்கே போயின? இது ஓர் இளங்கலை மாணவர் நேர்மையாகச் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இந்தக் கேள்வி எளிதில் தோன்றாது.

துணைக்கோள் படத்தை எடுத்ததும் அது எல்லாவற்றையும் காட்டும் என்று நம்புவது இன்னொரு தவறு. ஐரோப்பியத் துணைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படம் இலவசம், இரண்டு துணைக்கோள்கள் சேர்ந்து 5 நாளைக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் பிடிக்கும். அந்தப் படத்தின் மிகச் சிறிய கட்டம் (பிக்சல்) 10 மீட்டருக்கு 10 மீட்டர். செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள், ஹெக்டருக்கு 136லிருந்து 148 மரம். அப்படியென்றால் ஒரு கட்டத்துக்குள்ளேயே ஒரு மரத்துக்கு மேல் அடங்கிவிடும். அந்தப் படத்தை வைத்து எந்த மரத்துக்குக் கானோடெர்மா என்ற பூஞ்சை நோய் என்று கண்டுபிடிக்கப் போகிறேன் என்றால் மேற்பார்வையாளர் தலையை ஆட்டத்தான் செய்வார். அதற்கு ட்ரோன் வேண்டும். ட்ரோன் பறக்கவிட மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு, தோட்ட மேலாளரின் அனுமதியும் வேண்டும். அப்புறம் மேகம். நம் நாட்டில் மேகமில்லாத படம் கிடைப்பது அரிது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைத் தரும் சென்டினல்-1 இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பால்மரம் பற்றி இன்னொன்று. பிப்ரவரி வாக்கில் பால்மரம் இலை உதிர்க்கும். காடே காய்ந்ததுபோல் நிற்கும், காலடியில் சருகு சரசரக்கும், சில வாரத்தில் செம்பழுப்புத் தளிர் விடும். அந்த மாதத்துப் படத்தையும் ஆகஸ்டு மாதத்துப் படத்தையும் ஒப்பிட்டால், இலைப் பச்சையை அளக்கும் பச்சைக் குறியீடு பிப்ரவரியில் சரிந்திருக்கும். விவரம் தெரியாதவர் "மரங்களை அழித்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுவார். மரம் அங்கேயேதான் நிற்கும். பால் வெட்டிய பாட்டியிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த அறிவுக்கு ஆய்வில் மதிப்பு உண்டு. அதை வெட்கத்தோடு மறைக்காமல் முறையாக நேர்காணலாகப் பதிவு செய்து, ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்திலேயே எழுதுங்கள்.

ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறையைக் கவனிக்காமல் விடுவதும் வழக்கமான சறுக்கல். பழைய மலாயா வரைபடங்கள் கெர்தாவ் என்ற பழைய அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. கைப்பேசி ஜி.பி.எஸ். காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகளாவிய அடிப்படையில். இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து, தோட்டத்து எல்லை ஆற்றுக்குள் போய் விழும். கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் ஒவ்வோர் அடுக்கின் முறை எதுவென்று முதலில் பாருங்கள். தீபகற்பத்தில் பரப்பளவு கணக்கிட மலேசியாவின் ஜி.டி.எம். 2000 அடிப்படையிலான, மென்பொருளில் 3375 என்ற எண்ணுள்ள முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். பாகை அளவில் இருக்கும் படத்தில் பரப்பளவு கணக்கிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. பழைய தோட்ட வரைபடத்தில் ஏக்கரும் சங்கிலியும் இருக்கும், ஒரு சங்கிலி 66 அடி.

ஆட்களைப் பற்றிய தகவலில் இன்னும் கவனம் வேண்டும். யார் வீட்டில் எவ்வளவு வருமானம், யாருக்கு நிலப் பட்டா இல்லை என்பதை வீடு வீடாகப் புள்ளி வைத்து வரைபடமாக வெளியிட்டால், நம் ஊர்க்காரருக்கே அது தீங்காய் முடியலாம். பகுதி வாரியாகத் தொகுத்துக் காட்டுங்கள், முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள்.

வேலை தேடும்போது, "ஆர்க்ஜி.ஐ.எஸ். (வரைபட மென்பொருள்) தெரியும்" என்ற ஒரு வரி போதாது. அதைச் சொல்பவர்கள் ஏராளம். நீங்கள் செய்த இரண்டு மூன்று வரைபடங்களைக் காட்டுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் மழை, ஆற்று நீர்மட்டத் தகவல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதை வைத்து உங்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றி ஒரு சிறு வரைபடம் செய்யலாம். கொஞ்சம் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கற்றுக்கொண்டால் நல்லது. தொழிற்பயிற்சிக்கு இடம் தேடுவதைக் கடைசி மாதம் வரை தள்ளிப் போடாதீர்கள். நில அளவைத் துறையான ஜூப்பெம், நகர் கிராமத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியா, 2019இல் உருவான மலேசிய விண்வெளி நிறுவனம், ஊராட்சி மன்றங்கள், தோட்ட நிறுவனங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டிலேயே கடிதம் எழுதத் தொடங்குங்கள். அதில் எந்தப் பிரிவில் என்ன வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று தெளிவாக எழுதி, உங்கள் வரைபடம் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள்.