மாஸ்டடான் சர்வர் நடத்துறீங்களா? காசு விஷயத்த முதல்லயே பேசிடுங்க

மாஸ்டடான் ட்விட்டர் மாதிரி தான், ஆனா யார் வேணா சொந்தமா சர்வர் வச்சு நடத்தலாம், சர்வருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். முதல் மாச பில்லு உங்க கார்டுல போகும், அது பரவால்ல. பதினஞ்சாவது மாசமும் உங்க கார்டுலயே போய்ட்டு இருந்தா சர்வர் சீக்கிரம் மூடிடும்னு அர்த்தம். நல்ல நல்ல சர்வர் எல்லாம் இப்படித்தான் போச்சு, அதான் இத எழுதுறேன்.

முதல்ல செலவ குறைங்க. மாஸ்டடான்ல டிஸ்க்க தின்றது பெரும்பாலும் உங்க ஆளுங்க போடுற படம் இல்ல, அவங்க ஃபாலோ பண்ற மத்த சர்வர்லேந்து வந்து உங்க சர்வர்ல நகலா தங்குற (கேஷ்) படம், வீடியோ. 'டூட்சிடிஎல் மீடியா ரிமூவ்' (tootctl media remove)ங்கற மாஸ்டடானோட கமாண்ட க்ரான்ல, அதாவது குறிச்ச நேரத்துக்கு தானா ஓட வைக்கிற வசதில, போட்டு தினமும் ஓட விடுங்க, ஒண்ணும் மாத்தலன்னா ஏழு நாளுக்கு முந்தினத அழிச்சிடும், யாராவது பழைய போஸ்ட்ட பாத்தா திரும்ப எடுத்துக்கலாம். இது தெரியாம டிஸ்க் ரொம்பிடுச்சேன்னு பெரிய ப்ளான் வாங்கிடாதீங்க.

அப்புறம் கணக்கு எழுதுங்க. விபிஎஸ் (வாடகை சர்வர்), பேக்கப், டொமைன், மெயில் அனுப்புற சர்வீஸ், இதெல்லாம் எல்லாரும் எழுதுறது தான். விட்டுப்போறது ஆளோட நேரம். சிக்னல் மெசேஜ் ஆப்காரங்க 2023ல தங்களோட செலவ வெளிய சொன்னாங்க: சர்வர், பேண்ட்விட்த், எஸ்எம்எஸ் எல்லாம் சேத்து வருஷத்துக்கு சுமார் 1.4 கோடி டாலர், வேலை பாக்குறவங்களுக்கு சுமார் 1.9 கோடி. அவ்ளோ பெரிய சர்வீஸ்லயே மெஷின விட மனுஷனுக்குத் தான் அதிகம் ஆகுது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போஸ்ட் மேல புகார் வந்து எந்திரிச்சு பாக்குறவருக்கு ஒரு தொகை எழுதுங்க, இப்ப குடுக்க முடியலன்னாலும் கணக்குல அந்த வரி இருக்கட்டும், இல்லன்னா ஒரு நாள் அவர் சொல்லாம கொள்ளாம போய்டுவார்.

இப்ப கேளுங்க, கூச்சப்படாம. தண்டர்பேர்ட் மெயில் ஆப்புக்கு 2021ல நன்கொடை சுமார் 28 லட்சம் டாலர், ஆப்புக்குள்ளயே யூசர்கிட்ட நேரா கேட்டதும் 2022ல 64 லட்சம். யூஸ் பண்றவங்களுக்கு குடுக்க மனசு இருக்கு, யாரும் கேக்கல அவ்ளோதான். நன்கொடை வாங்க லிபராபே, ஓப்பன் கலெக்டிவ்னு ரெண்டு வெளிநாட்டு சைட் இருக்கு, ரெண்டும் நல்லது, ஆனா ரிசர்வ் பேங்க்கோட 2021 அக்டோபர் விதிக்கு அப்புறம் நம்ம ஊர் கார்டுல மாசாமாசம் தானா பணம் போற ஏற்பாடு வெளிநாட்டு சைட்ல பலருக்கு ஃபெயில் ஆகுது. அதனால நம்ம ஆளுங்ககிட்ட யுபிஐல ஒரு வருஷத்துக்கு மொத்தமா வாங்கிடுங்க. வெளிநாட்டுலேந்து காசு வரும்னா எஃப்சிஆர்ஏன்னு வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டம் இருக்கு, ஆடிட்டர கேக்காம கை வைக்காதீங்க. மாசக் கடைசில வந்தது, போனது, மிச்சம் மூணையும் ஒரு போஸ்ட்டா போட்டு மேலேயே நிக்கிற மாதிரி பின் பண்ணுங்க. எங்க சர்வருக்கு இந்த போஸ்ட் போட்ட அன்னிக்கு தான் காசு அதிகமா வரும்.

மிச்சம் எவ்ளோ இருக்கணும்? மாஸ்டடானோட சைட்ல உங்க சர்வர் பேர் வரணும்னா ஒத்துக்க வேண்டிய சர்வர் உடன்பாட்டுல, மூடுறதுக்கு மூணு மாசம் முன்னாடியே சொல்லணும்னு இருக்கு, இன்னொருத்தர்கிட்டயாவது அவசர ஆக்சஸ் இருக்கணும்னும் இருக்கு. அப்போ மூணு மாச பில்ல தனியா எடுத்து வைங்க, தொடாதீங்க.

வர்ற காசுக்கு மேல ஆளு சேந்தா ரிஜிஸ்ட்ரேஷன மூடிடுங்க, தப்பே இல்ல. பிரான்ஸ்ல ஃப்ராமாசாஃப்ட்னு ஒரு சங்கம் நன்கொடைய வச்சே முப்பதுக்கு மேல சர்வீஸ் நடத்துனாங்க, எல்லாத்தையும் தாங்களே சுமக்க வேணாம்னு 2019ல அதுல பல சர்வீஸ படிப்படியா மூடப்போறோம்னு அறிவிச்சாங்க. அவங்க மேல மரியாதை கூடுச்சு எனக்கு.

அந்த மூணு மாசக் காசுல கை வைக்கிற நிலைமை வந்தா அன்னிக்கே அறிவிச்சிடுங்க. ஃபாலோயர்ஸோட இன்னொரு சர்வருக்கு மாறணும்னா பழைய சர்வர் உயிரோட இருக்கணும், பில் கட்டாம நின்னு போச்சுன்னா ஒருத்தரும் ஃபாலோயர்ஸ கூட்டிட்டு போக முடியாது.