ஆங்கிலப் பெயரடையைப் பெயர்ச்சொல்லாக மாற்றுவது எப்படி?

'இனிய' என்ற பெயரடை, 'மை' விகுதி சேர்ந்து 'இனிமை' என்ற பெயர்ச்சொல்லாகிறது. ஆங்கிலத்திலும் இதே வேலையை விகுதிகள்தாம் செய்கின்றன. அவை பல என்பதால், எதை எங்கே சேர்ப்பது என்று தொடக்கநிலையினர் தடுமாறுகிறார்கள்.

விகுதிக்குப் போகும் முன், முதல் படியாக, வாக்கியத்தில் அந்த இடம் எந்தச் சொல்லைக் கேட்கிறது என்று பாருங்கள். 'வெரி' என்பதை முன்னால் சேர்த்துப் பொருந்தினால் அங்கே வர வேண்டியது பெயரடை. 'ஹேவ்' என்ற வினைக்குப் பின் தனித்து நிற்பது பெயர்ச்சொல். 'ஐ ஆம் கான்ஃபிடன்ட்', 'ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்' இரண்டும் சரி; 'ஐ ஹேவ் கான்ஃபிடன்ட்' பிழை. இங்கே தாய்மொழிப் பழக்கமும் நம்மைச் சறுக்க வைக்கும்: 'எனக்குக் கோபம்' என்று நாம் பெயர்ச்சொல்லால் சொல்வதை ஆங்கிலம் 'ஐ ஆம் ஆங்ரி' என்று பெயரடையால் சொல்வதால், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் 'ஐ ஆம் ஆங்கர்' என்று எழுதிவிடுகிறார்.

இரண்டாவதாக, பெயரடையின் இறுதி ஒலியைக் கவனியுங்கள். 'சைலன்ட்', 'பேஷன்ட்' போல 'ன்ட்' என முடிபவை பெரும்பாலும் 'சைலன்ஸ்', 'பேஷன்ஸ்' என்றாகும். எழுத்தில், கடைசி 'டி' நீங்கி 'சி', 'இ' சேரும். 'பாசிபிள்' போன்றவை 'பாசிபிலிட்டி' ஆகும்போது அழுத்தமும் முதல் அசையிலிருந்து 'பி' என்ற அசைக்கு நகர்வதால், வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது. 'கைண்ட்', 'டார்க்' போன்ற எளிய சொற்களுக்கு 'னெஸ்' போதும். 'ஹேப்பி'யின் கடைசி 'ஒய்' மட்டும் 'ஹேப்பினெஸ்' என்பதில் 'ஐ' ஆக மாறும்.

'லாங்' என்பது 'லெங்த்' ஆவதும், 'டீப்' என்பது 'டெப்த்' ஆவதும், 'வைஸ்' என்பது 'விஸ்டம்' ஆவதும் உயிரொலியையே மாற்றிவிடும் பழைய சொற்கள். இவற்றுக்கு விதி தேடுவதைவிட மனப்பாடம் செய்வதே விரைவான வழி.

எதிர்த்திசையில், 'டேஞ்சர்' 'டேஞ்சரஸ்' ஆகும். 'கேர்' 'கேர்ஃபுல்' ஆகும்.

கடைசியாக, விகுதியே இல்லாத மாற்றம். 'ரிச்' என்பதற்கு முன் 'தி' சேர்த்தால் செல்வந்தர்கள் என்ற பன்மைப் பொருள் வரும் என்பதால், அதை அடுத்து 'இஸ்' வராது, 'ஆர்' வரும். 'ஷூ ஷாப்' என்பதில் முதல் பெயர்ச்சொல் உருமாறாமலே பெயரடையின் வேலையைச் செய்கிறது. கடையில் எத்தனை காலணிகள் இருந்தாலும், அதை 'ஷூஸ் ஷாப்' என்று எழுதுவதில்லை.