லூயிஸ் லெஸ்டரின் பழைய ரெக்கார்டைத் தேடாதீர்கள்

‘டான்சிங் ஆன் தி எட்ஜ்’ தொடரின் முதல் பகுதி முடிந்த கையோடு நான் செய்த காரியம், அதில் வரும் லூயிஸ் லெஸ்டர் ஜாஸ் குழுவின் பழைய ரெக்கார்டுகள் எங்கே கிடைக்கும் என்று தேடியதுதான். அரை மணி நேரம் வீணான பிறகுதான் உறைத்தது, அப்படி ஒரு ஆளே இருந்ததில்லை.

‘டான்சிங் ஆன் தி எட்ஜ்’ 2013-ல் பிபிசி டூவில் வந்த தொடர். எழுதி இயக்கியவர் ஸ்டீபன் போலியாகாஃப். 1930களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு கறுப்பின ஜாஸ் குழு பெரிய ஹோட்டலில் வாசிக்க வருகிறது, பிரபுக்களும் இளவரசர்களும் அவர்களைக் கொண்டாடுகிறார்கள், அப்புறம் எல்லாம் தலைகீழாகிறது. லூயிஸாக சிவெட்டெல் எஜியோஃபோர். பாட்டெல்லாம் ஏட்ரியன் ஜான்ஸ்டன் இந்தத் தொடருக்காகவே போட்டவை. ஏஞ்சல் கோல்பியும் வுன்மி மோசாகுவும் சொந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பாட்டு போலவே காதில் விழுவதால் என்னைப் போலப் பலரும் ஏமாறுவார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. லெஸ்டர் கற்பனை என்று தெரிந்ததும், இளவரசர்கள் ஜாஸ் விருந்துக்கு வருவதெல்லாம் சும்மா சினிமாத்தனம் என்று ஒதுக்கிவிடுவது. அது மட்டும் நிஜம். 1919-லேயே சதர்ன் சின்கோபேட்டட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற கறுப்பின இசைக்குழு பக்கிங்ஹாம் அரண்மனையில் வாசித்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே அந்தக் குழுவோடுதான் லண்டன் வந்தார். 1933-ல் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டன் தன் குழுவோடு வந்தபோது பத்திரிகை அதிபர் லார்ட் பீவர்புரூக் வீட்டு விருந்தில் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னால் முடி துறந்த எட்டாம் எட்வர்ட், டிரம்ஸில் உட்கார்ந்து தானும் வாசித்தார். அவருடைய தம்பி ஜார்ஜுக்கும் ஜாஸ் என்றால் உயிர். தொடரில் இருவருமே வருகிறார்கள்.

சரி, இங்கிருந்துதான் பெரிய சறுக்கல் ஆரம்பிக்கிறது. இளவரசரே பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறார் என்றால் அங்கே நிறபேதமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தொடரின் முதல் இரண்டு பகுதிகளும் பார்ப்பவரை அப்படி நினைக்கத்தான் விடுகின்றன. ஷாம்பெயினும் ரயில் பயணமும் தோட்டத்து விருந்துமாகப் போகும். அதே எல்லிங்டன் வருகையை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். லண்டன் பலேடியம் அரங்கில் கூட்டம் அலைமோதியது. ஆனால் குழு முழுவதையும் தங்கவைக்க நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றுகூட முன்வரவில்லை. எல்லிங்டனுக்கு மட்டும் டார்செஸ்டரில் அறை கிடைத்தது. மற்ற கலைஞர்கள் புளூம்ஸ்பரி பக்கத்து விடுதிகளுக்கும் லாட்ஜ்களுக்கும் பிரிந்து போனார்கள். ராத்திரி இளவரசரோடு விருந்து, காலையில் எந்த லாட்ஜில் இடம் என்ற கவலை. இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே ஆட்களுக்கு.

இன்னொருவர் லெஸ்லி ஹட்சின்சன். கிரெனடாவில் பிறந்தவர், 1927-ல் லண்டன் வந்தவர், ‘ஹட்ச்’ என்றால் ஊரே அறியும். பியானோவில் உட்கார்ந்து பாடினால் சீமாட்டிகள் கிறங்கிப்போவார்கள். பின்னாளில் கடைசி வைஸ்ராயின் மனைவியாக டெல்லிக்கு வந்த எட்வினா மவுண்ட்பேட்டன் அவருடைய ஆதரவாளர்களில் ஒருவர். விருந்துக்கு அழைப்பு ஹட்சுக்கு. ஆனால் சில மாளிகைகளில் அவர் உள்ளே போக வேண்டிய வழி வேலைக்காரர்கள் வாசல். (ஜமைக்காக்காரரான டிரம்பெட் கலைஞர் லெஸ்லி ‘ஜைவர்’ ஹட்சின்சன் வேறு ஆள். இந்த இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுவதும் வழக்கமான குழப்பம்.)

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைப் பற்றிப் படித்தவர்கள் இங்கேயும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ பலகையைத் தேடுவார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கறுப்பினத்தவரை ஒதுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஒதுக்காதே என்றும் 1965 வரை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லாம் மானேஜரின் முகபாவத்தில்தான். ‘மன்னிக்கணும், அறை காலியில்லை’ என்ற வார்த்தையில்தான். தொடரில் யாரும் கத்திப் பேசாமலே காரியம் நடக்கும் காட்சிகள் ஏன் இத்தனை என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு லியரி கான்ஸ்டன்டைனைத் தெரிந்திருக்கும். வெஸ்ட் இண்டீஸின் பெரிய ஆல்ரவுண்டர். 1943-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்காக லண்டன் ஹோட்டலில் குடும்பத்தோடு நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தார். போய் இறங்கியதும் ஒரு இரவுக்குமேல் தங்கக்கூடாது என்றார்கள். அமெரிக்க விருந்தினர்களுக்குப் பிடிக்காதாம். வழக்குப் போட்டு 1944-ல் ஜெயித்தார், நஷ்டஈடு 5 கினி, அதாவது ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். நிறபேதத்துக்கு எதிரான சட்டம் இல்லாததால், சத்திரக்காரர் தகுந்த காரணமின்றிப் பயணியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற பழைய பொதுச் சட்டத்தைத்தான் அவர் தரப்பு பிடித்துக்கொண்டது. அந்த ஹோட்டலின் பெயர் இம்பீரியல். தொடரில் லூயிஸ் குழு வாசிக்கும் ஹோட்டலும் இம்பீரியல்தான். வேண்டுமென்றே வைத்த பெயரா என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வழக்கைப் படித்தபின் அந்த ஹாலை முன்போலப் பார்க்க முடியவில்லை.

கறுப்பினக் கலைஞர் என்றாலே அமெரிக்கர் என்று எடுத்துக்கொள்வது அடுத்தது. அன்றைய லண்டனில் ஜமைக்கா, கிரெனடா, கயானா ஆட்கள் நிறைய. கார்டிஃப் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் குழுவின் மானேஜர் வெஸ்லியை நாடு கடத்தும் விவகாரம் புரியாது. சாம்ராஜ்யத்துக்குள் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை, அனுமதிச் சீட்டு தேவையில்லை. அமெரிக்கர் அந்நியர். 1920-ல் வந்த அந்நியர் ஆணைப்படி போலீசில் பதிய வேண்டும், வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒரு காகிதம் குறைந்தாலும் கப்பல் ஏற்றிவிடலாம். 1935 முதல் அமெரிக்கக் குழுக்களுக்கு அனுமதி தருவதையே நிறுத்திவிட்டார்கள், அது ஏறக்குறைய 20 வருடம் நீடித்தது. வேடிக்கை என்னவென்றால், ரசிகர்கள் கேட்டதோ நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் பாணி. ஆகவே கயானாவில் பிறந்து இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் படித்த கென் ஜான்சன் அமெரிக்கா போய் அந்த ஸ்டைலைப் பார்த்துவிட்டு வந்து, 1936-ல் ஜமைக்காவின் டிரம்பெட் கலைஞர் லெஸ்லி தாம்சனோடு சேர்ந்து கறுப்பினக் கலைஞர்களின் குழுவை ஆரம்பித்தார்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இது ஜாஸே இல்லை, ரொம்ப மென்மை’ என்று 1940களின் வேகமான பீபாப் ஜாஸை, சார்லி பார்க்கரை, கேட்டுப் பழகிய நண்பர் ஒருவர் சொன்னார். 1932-ல் ஹோட்டல் குழுவின் வேலை ஜோடிகளை ஆடவைப்பது. ஃபாக்ஸ்டிராட் என்ற ஜோடி நடனம் ஆடுகிறவரின் கால் தடுமாறினால் மறுநாள் வேலை போய்விடும். சாவாய் ஹோட்டல் இசையை 1923-லிருந்தே பிபிசி வானொலியில் ஒலிபரப்பினார்கள், ஹோட்டல்கள் குழுக்களுக்குப் போட்டி போட்டதில் அந்த விளம்பரத்துக்கும் பங்குண்டு. பீபாப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

தொடரில் ஒரு கொலையும் உண்டு, ஆனால் கொலைகாரன் யார் என்று மட்டும் பார்ப்பதும் வேண்டாம். அந்த முடிச்சு சுமாரானதுதான், பாதியிலேயே ஊகித்துவிடலாம். போலியாகாஃப் நிதானமாகத்தான் போவார், 1.5 வேகத்தில் ஓட்டினால் மிஞ்சுவது வெறும் உடையலங்காரம். லூயிஸைப் பத்திரிகையாளர் ஸ்டான்லி பேட்டி எடுக்கும் தனிப் பகுதி ஒன்றும் உண்டு, அதை ஐந்து பகுதிகளுக்கும் பிறகு பாருங்கள்.

அப்புறமும் பழைய ரெக்கார்டு கேட்டே ஆக வேண்டும் என்றால் கென் ஜான்சனைத் தேடுங்கள். 1938-லும் 1940-லும் பதிந்தவை கிடைக்கின்றன. 1941 மார்ச் 8 அன்று லண்டனின் கஃபே டி பாரிஸ் விடுதியில் அவர் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மன் குண்டு விழுந்தது. அவருக்கு வயது 26.