பறக்கும் நாரையைப் படமெடுக்க: முதலில் காற்றும் வெயிலும்

வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ, பறவைகள் கூடும் ஏரிக்குத் தை மாதக் காலையில் போய்க் கரையேறியதும் கேமராவைத் திருகத் தொடங்காதீர்கள். ஒரு பிடி காய்ந்த புல்லைக் கிள்ளித் தூவிப் பாருங்கள். நாரை, கூழைக்கடா போன்ற கனத்த பறவைகள் எழும்புவதும் இறங்குவதும் எதிர்காற்றில்தான். அந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயில் தென்கிழக்கிலிருந்து. வெயில் முதுகில் படும்படி நின்றால், இறங்கும் பறவை முகத்தை ஓரளவு உங்கள் பக்கம் வைத்தே வரும். பறவையின் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். மாலையில் வெயில் மேற்கே போய்விடும், காற்று அப்படியே இருக்கும். அப்போது வெயிலை முதுகில் வாங்கி நின்றால் வாலும் முதுகும்தான் கிடைக்கும். அதனால் புதிதாகக் கற்பவர்கள் காலையை விடக்கூடாது.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கான வெளிச்ச அளவை, மேனுவலில் (நீங்களே அமைக்கும் முறையில்) வையுங்கள், ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ உட்பட. பறவை கருவேல மரத்தின் இருளைக் கடந்து, தண்ணீரைக் கடந்து, வெளுத்த வானத்துக்கு இரண்டே நொடியில் போய்விடும். பின்னணி மாறும்போதெல்லாம் கேமராவின் கணக்கும் மாறும்: இருண்ட மரத்தின் முன்னே கொக்கு வெள்ளைக் காகிதமாகும், வானத்தின் முன்னே நாரை கரிக்கட்டையாகும். பறவையின் மேல் விழும் வெயிலோ மாறவில்லை. வெயிலில் நிற்கும் ஒரு கொக்கைப் படமெடுத்து, திரையில் வெளிச்ச எச்சரிக்கை (வெள்ளை அளவுக்கு மீறிய இடங்கள்) மினுக்குகிறதா பாருங்கள். மினுக்கல் நிற்கும்வரை ஐஎஸ்ஓவைக் குறைத்து அங்கேயே விட்டுவிடுங்கள். லென்ஸின் திறப்பு எஃப்/6.3, ஷட்டர் 1/2000 நொடி என்றால் விடியலில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை தேவைப்படும். வெயில் ஏறியதும் 400, 500 போதும். மேகம் மறைத்தால் மறுபடி கொக்கைத் தேடுங்கள்.

ஷட்டர் வேகம் பறவைக்குப் பறவை வேறு. இறக்கையை அசைக்காமல் மிதக்கும் நத்தைகுத்தி நாரைக்கு 1/1250 போதும். கூழைக்கடாவுக்கு 1/1600, வாத்துகளுக்கு 1/2500. பஞ்சுருட்டான், தகைவிலானுக்கு 1/3200க்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஃபோகஸ், நகரும் பறவையை விடாமல் பின்பற்றும் தொடர் முறையில் இருக்கட்டும். கேனனில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி. பறவைக் கண்ணை அடையாளம் காணும் வசதி இருந்தால் வானத்துக்கு எதிரே அதை நம்பலாம். அடர்ந்த கிளைகள் பின்னால் இருந்தால் அது கிளையைப் பிடித்துக்கொள்ளும், அங்கே சிறிய ஃபோகஸ் கட்டத்துக்கு மாறுங்கள். பறவை வருமுன்பே அது இறங்கப்போகும் மரத்தில் ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்தால், லென்ஸ் முன்னும் பின்னும் அலையாது.

பறவை சட்டத்துக்குள்ளேயே சிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஜூமை 600 மி.மீ.யில் வைத்திருப்பார்கள். 300இல் பிடித்து, பிறகு நெருங்குங்கள். மஞ்சள் மூக்கு நாரை இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டர். இடம் விடாவிட்டால் நுனி வெட்டுப்படும். பாதங்கள் பறவை வந்து சேரும் திசையைப் பார்க்கட்டும், இடுப்பை மட்டும் அது வரும் பக்கம் முறுக்குங்கள். முறுக்கு அவிழ அவிழ உடல் தானாகப் பறவையோடு சுழலும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். தூரத்திலேயே பிடித்துத் தொடருங்கள். பட்டனை ஐந்தாறு படங்களுக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். பஃபர் (படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம்) நிரம்பிவிட்டால் கால் நீட்டி இறங்கும் அந்தக் கணத்தில் கேமரா விக்கி நிற்கும்.

கூடு கட்டும் பருவத்தில் நாரை சுள்ளி பொறுக்கப் போய்வரும் வழி பெரும்பாலும் ஒன்றேதான். இரண்டு முறை பார்த்துவிட்டு மூன்றாவது நடைக்குக் காத்திருங்கள். எழும்பப்போகும் பறவையும் சொல்லிவிட்டுத்தான் போகும்: கழுத்தை முன்னே நீட்டும், கால் மடக்கிப் பதுங்கும், பல வேளை எச்சமிடும். கூழைக்கடா தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டே ஓடித்தான் எழும்பும், அந்தத் தெறிப்பே நல்ல படம்.

தெளிவில்லாத படத்தை அழிக்குமுன் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் உள்ள கோரை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் நழுவியது. எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் கை பறவையோடு சேர்ந்து போகவில்லை. இறக்கை நுனி மட்டும் கலங்கினால் ஷட்டர் போதவில்லை. எதுவுமே தெளிவில்லாமல், கரை விளிம்பு நெளிந்தால் அது கானல். ஒன்பதரைக்கு மேல் தண்ணீருக்கு மேலே எழும் வெப்பம். எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. அருகில் வரும் பறவைகளை மட்டும் எடுங்கள்.

பழக ஏரிவரை போக வேண்டியதில்லை. மீன் சந்தைக்கு மேல் வட்டமிடும் கரும்பருந்து நிதானமாக, திரும்பத் திரும்ப வரும். ஒரு மாதம் அதோடு பழகுங்கள்.

கைதட்டியோ கல்லெறிந்தோ பறவையை எழுப்பவே கூடாது. மிரண்ட பறவை உங்களுக்கு முதுகு காட்டித்தான் ஓடும். குஞ்சு வெயிலில் காயும், காக்கை முட்டையைத் தூக்கும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. மரத்திலுள்ள தலைகளெல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பத்தடி பின்னால் போய் உட்காருங்கள்.