ஈபி கார்டு யார் பேரில், பில் யார் தலையில்? வாடகை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசி, ஆனி மாதங்களில் சென்னையில் மினி லாரிக்குக் கிராக்கி. ஆடியில் வீடு மாறக்கூடாது என்று அதற்குள் மூட்டை கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், பள்ளி திறப்பதற்காக மாறுகிறவர்கள் இன்னொரு பக்கம். அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பால் காய்ச்ச நல்ல நேரம் எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். மீட்டரில் என்ன ரீடிங் என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் வாடகைக்கு வருகிறவர் பெயரில் பெரும்பாலும் மின் இணைப்பு இருப்பதில்லை. இணைப்பு ஓனர் பெயரில் இருக்கும், சில வீடுகளில் ஓனரின் அப்பா பெயரிலோ, ஃபிளாட்டை விற்ற பில்டர் பெயரிலோ கூட இருக்கும். அதனால் கணக்கு நம்முடையது இல்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலான சண்டைகள் தொடங்குவது அங்கேதான். பெயர் யாருடையதாக இருந்தாலும் ஓடும் யூனிட் நம்முடையது. கணக்கைத் திறக்கவும் மூடவும் நமக்கு வழி இல்லாததால், நம் கையில் இருப்பது ஆதாரம் மட்டும்தான்.

சாவி வாங்கும் அன்றே, ஓனரையோ வாட்ச்மேனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்டரைப் படம் எடுங்கள். அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் பத்துப் பதினைந்து மீட்டர்கள் வரிசையாக இருக்கும், எது உங்களுடையது என்பதே முதல் கேள்வி. உங்கள் வீட்டு மெயினை அணைத்து, எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். அதை அப்போதே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இன்னைக்கு ரீடிங் இது. பழைய பாக்கி எதுவும் இல்லைல்ல?" என்று கேட்டுவிடுங்கள். அவர் போடும் "ஓகே" பிறகு உதவும். மின் இணைப்பு எண்ணையும் வாங்கி, பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு மாதக் கணக்கின் நடுவில் மாறினால்

வீட்டு உபயோக மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு கட்டணப் பட்டியல், 500-ஐத் தாண்டிவிட்டால் வேறு பட்டியல். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும்.

இதில் இரண்டு குடித்தனங்கள் மாட்டினால் என்ன ஆகும்? ஜூன் 10-ல் ரீடிங் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய குடித்தனக்காரர் ஜூலை 20-ல் காலி செய்கிறார், அதுவரை 380 யூனிட். ஓனர் 380-க்குக் கணக்குப் போட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறார். இலவச 100 யூனிட்டும், மலிவான ஆரம்பப் படிகளும் அவருக்கே போய்விட்டன. மறுநாள் புதியவர் வருகிறார், ஆகஸ்ட் 10 வரை 140 யூனிட். மொத்தம் 520, பில் மேல் பட்டியலுக்குப் போய்விட்டது. பழையவர் கொடுத்தது போக மிச்சம் முழுவதும் புதியவர் தலையில். இருபது நாள் இருந்தவருக்கு இலவசமும் இல்லை, 500-ஐத் தாண்டிய தண்டமும் அவருக்கே.

இங்கே ஓனர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது, கணக்குப் போட்ட முறைதான் தப்பு. பில் வந்த பிறகு யூனிட் விகிதத்தில் பிரிப்பதுதான் நியாயம்: 520-ல் 380 பங்கு அவருக்கு, 140 பங்கு இவருக்கு. அதுவரை அட்வான்ஸில் ஒரு தொகையை ஓனர் நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும், எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், ரீடிங் எடுத்த கையோடு காலி செய்கிற மாதிரி தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். எந்த மாதம், எந்த வாக்கில் ரீடிங் எடுக்க வருவார்கள் என்பது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே இணைப்பைப் பல போர்ஷன்களுக்குப் பிரித்து சப் மீட்டர் போட்ட வீடு என்றால் கதை வேறு. ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்வார். அந்த விலை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், மோட்டார், மாடிப்படி விளக்கு உங்கள் சப் மீட்டரில் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வாய்ப்பேச்சு இரண்டாவது பில்லிலேயே மறந்துபோகும்.

இன்னொன்று. சில சமயம் பில்லோடு கூடுதல் வைப்புத்தொகையும் கேட்டு வரும். பயன்பாடு கூடியதால் கேட்கிறார்கள் என்றாலும், அது இணைப்பின் பெயரில் நிற்கிற பணம், ஓனருக்குச் சேரும். மொத்தமாகக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். வாடகையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள்.

மின் பில் பற்றிய குறுஞ்செய்தி ஓனர் எண்ணுக்குப் போய், அவர் பார்க்காமல் விட்டு, கடைசி நாள் தாண்டி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போவதும் நடக்கிறது. உங்கள் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஏதோ ஒரு செல்போன் எண்ணிலிருந்து வந்தால் அது மோசடி. பாக்கி உண்டா என்று தெரியாத புதுக் குடித்தனக்காரர்தான் அதில் முதலில் பதறுவார். சந்தேகம் என்றால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

வாடகைத் தகராறு வந்தால் ஓனரே மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது, வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஒப்பந்தம் எழுத்தில், பதிவோடு இருந்தால்தான் இது சுலபம்.

தண்ணீர்

மெட்ரோ வாட்டருக்கான வரியும் கட்டணமும் ஓனர் பொறுப்பு என்பதே வழக்கம். நீங்கள் கேட்க வேண்டியது, மெயின்டனன்ஸில் லாரித் தண்ணீர் சேர்த்தியா என்பது. கார்த்திகையில் வீடு பார்த்துவிட்டு, சித்திரையில் வாரம் இத்தனை லாரி என்று தனியாகப் பங்கு கேட்கும்போது அசோசியேஷனிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

சிலிண்டர்

கேஸ் இணைப்பு மட்டும் உங்கள் பெயரில் இருப்பது, அதனால் தவறும் உங்களுடையதாகவே இருக்கும். பெரம்பூரிலிருந்து மேடவாக்கம் போகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்கத் தேவையில்லை. அதே கம்பெனியின் வேறு ஏஜென்சிக்கு ஆன்லைனிலேயே மாற்றிக்கொள்ளலாம். கோயம்புத்தூருக்கே போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒப்படைத்து, ரசீது வாங்கி, டெபாசிட்டைத் திரும்பப் பெற வேண்டும். இணைப்பு வாங்கியபோது கொடுத்த தாளில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் திரும்ப வரும். புது ஊரில் இன்றைய டெபாசிட் கட்ட வேண்டும். 2022 ஜூனிலிருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு அது 2,200 ரூபாய். இந்த வித்தியாசத்தைக் கேட்டுத்தான் பலர் ஏஜென்சியில் சண்டை போடுகிறார்கள்.

அடுத்து வருகிறவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று சிலிண்டரை விட்டுவிட்டுப் போவது பெருந்தன்மை மாதிரித் தெரியும். டெலிவரிக்கான எண் உங்கள் போனுக்குத்தான் வரும், ஏதாவது விபரீதம் என்றாலும் பெயர் உங்களுடையதுதான்.

நெட், கேபிள்

புது வீட்டில் அந்தக் கம்பெனியின் லைன் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள். மூடும்போது ரவுட்டரைக் கொடுத்ததற்கு ரசீது, ஆட்டோபே ரத்து, இரண்டும் முக்கியம். கேபிள்காரர் கொடுத்த செட் டாப் பாக்ஸையும், "அண்ணே, இதோ பாக்ஸ், ரிமோட்டும் இருக்கு" என்று கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனில் பணம் கட்டும் ஆப்பில் பழைய வீட்டின் இணைப்பு எண் அப்படியே இருக்கும். பில் வந்ததும் அதுவே நினைவூட்டும், நீங்களும் பழக்கத்தில் கட்டிவிடுவீர்கள். கட்டிய பணத்தைப் பழைய வீட்டில் இப்போது இருப்பவரிடம் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கும். காலி செய்து, கடைசி பில்லும் தீர்ந்ததும், அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.